அங்கீகரிக்கப்பட்ட ஊடகம்

வாடிக்கையாளரைச் சந்திக்கப் போகும் நிதி நிறுவனம் அவருடைய பணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது உலகம் பூராவும் ஒப்புக்கொண்ட வழக்கம். பசுங்குன்று நிதி நிறுவனமும் ஆரம்ப காலத்தில் அந்த வழக்கத்தைக் கடைப்பிடித்துத்தான் வந்தது. பிறகு அது வளர்ந்துவிட்டது. வளர்ந்த நிறுவனம் வெறும் பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே பணத்தைப் பற்றிய அறிக்கையை எதில் காட்டுவது என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கியது.

இந்த வளர்ச்சி ஹட்டன் கிளைக்கு வந்து சேர்ந்தபோது, றோசலின் அங்கே பதில் வாடிக்கையாளர் உறவு அலுவலராக இருந்தாள். பதில் அலுவலர் என்றால் வேலை முழுவதையும் செய்யலாம், நாற்காலியில் மட்டும் சாயக் கூடாது என்று அர்த்தம். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து, கணக்கியலில் டிப்ளோமா வாங்கிய பெண். சில வருடங்களாக இந்தப் பதில் பதவியைச் சுமந்துகொண்டிருந்தாள். நிரந்தர நியமனம் வந்தால்தான் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க முடியும். யாரிடம் என்றால், இதே பசுங்குன்றிடம்தான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடன் வாங்கிக் கொடுக்கிற பெண்ணை நம்பி ஒரு கடன் கொடுக்க அந்த நிறுவனத்துக்கு மனம் வரவில்லை. அவளும் அவள் அம்மாவும் இன்னும் லயத்து அறையில், தகரக் கூரைக்கு அடியில் வாளி வைத்துத்தான் மழையைச் சமாளித்தார்கள்.

முதலாவது சுற்றுநிருபத்தை அனுப்பியவர் தலைமையகத்தின் டிஜிட்டல் மாற்றப் பிரிவுத் தலைவர் டக்ளஸ். பூண்டுலோயாவில் பிறந்தவர்தான். கொழும்புக்குப் போய் மலைக் குளிரை மறந்து, ஏசிக் குளிருக்குப் பழகிவிட்டார். 'மரங்கள் மீது நிறுவனம் கொண்டுள்ள ஆழ்ந்த பரிவின் நிமித்தம், சகல வாடிக்கையாளர் சந்திப்புகளும் இன்று முதல் காகிதமற்ற முறையில் நடைபெறும்' என்று அதில் எழுதியிருந்தது. கூடவே டெப் என்கிற ஒரு கைக்கணினியும் வந்தது. வாடிக்கையாளரின் முதலீட்டு அறிக்கை இனி அதன் திரையில்தான் மலரும். மலரும் என்ற சொல்லையே அவர் போட்டிருந்தார்.

கிளை முகாமையாளர் றமணன் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வூதியம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிகிற வயது. சுற்றுநிருபத்தைக் கடைப்பிடிப்பது பாதுகாப்பு, விளங்கிக்கொள்வது ஆபத்து என்பது அவருடைய உத்தியோக அனுபவம். காகிதம் பாவிக்கவில்லை என்பதைத் தணிக்கைக்காரர்களுக்கு எப்படி நிரூபிப்பது என்று மட்டும் பணிவோடு கேட்டு எழுதினார். நியாயமான கேள்வி என்று தலைமையகம் மெச்சியது. ஒரு வாரத்தில் இரண்டு பெரிய பெட்டி நிறையப் படிவங்கள் வந்து இறங்கின. 'இச்சந்திப்பில் காகிதம் பயன்படுத்தப்படவில்லை என உறுதிப்படுத்தும் படிவம்.' மூன்று பிரதிகள்.

"சேர், பேப்பர் பாவிக்கலைன்னு சொல்றதுக்கு மூணு பேப்பரா?" என்று றோசலின் கேட்டாள்.

"மூண்டு பேப்பர் இல்லைப் பிள்ளை. ஒரு பேப்பரின்ரை மூண்டு பிரதி. நீலம் கொழும்புக்கு, ரோஸ் எங்களுக்கு, வெள்ளை வாடிக்கையாளருக்கு."

"அவங்களுக்கு என்னாத்துக்கு சேர்?"

"தங்களுக்குப் பேப்பர் ஒண்டும் தரேல்லை எண்டதுக்கு அவையளிட்டையும் ஒரு ஆதாரம் இருக்கத்தானே வேணும்."

றோசலினுக்குச் சிரிப்பு வந்தது. றமணனுக்கு வரவில்லை. அவர் ரோஸ் பிரதிகளை அடுக்க ஒரு புதிய இரும்பு அலுமாரி கேட்டுக் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார்.

தலைமையகத்தில் ஒரு பிரிவு முன்னேறினால் இன்னொரு பிரிவு சும்மா இருக்குமா? வாடிக்கையாளர் நம்பிக்கைப் பிரிவின் தலைவி கிருஷாந்தி, சிங்கப்பூரில் நடந்த ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். போனவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. நம்பிக்கை என்பது மனிதனுக்கு விரல் நுனி வழியாகத்தான் உள்ளே போகிறது என்ற உண்மையைக் கொண்டுவந்தார். திரையைத் தொட்டால் விரல் வழுக்குகிறது, நம்பிக்கையும் வழுக்குகிறது. தடித்த காகிதத்தைத் தொட்டால் விரல் நிற்கிறது, நம்பிக்கையும் நிற்கிறது. இரண்டாவது சுற்றுநிருபம் இப்படித்தான் பிறந்தது: 'சகல வாடிக்கையாளர் சந்திப்புகளிலும் உயர்தர அச்சு அறிக்கையே வழங்கப்படும்.'

முதலாவது சுற்றுநிருபம் வாபஸ் வாங்கப்படவில்லை. அப்படி வாங்கினால் டக்ளஸ் மனம் புண்படும். இரண்டையும் நிறைவேற்ற றோசலின் கொஞ்ச நாள் பாடுபட்டாள். அச்சு அறிக்கையைக் கொடுத்துவிட்டு, அதை டெப்பில் படம் பிடித்து, காகிதம் பயன்படுத்தப்படவில்லை என்ற படிவத்திலும் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்துப் போட்டவர்கள் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கையெழுத்துப் போடுவது தும்முவது மாதிரி. காட்டிய இடத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

இரண்டு பிரிவுக்கும் சண்டை முற்றி, பணிப்பாளர் சபை வரைக்கும் போனது. சபைத் தலைவர் நிதானமான மனிதர். முடிவெடுப்பது அவருக்குப் பிடிக்காது. ஆகவே முடிவை வாடிக்கையாளரிடமே விடுவது என்று முடிவெடுத்தார். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாதர் சங்கத்தை முன்னோடிச் சந்திப்புக்குத் தெரிவு செய்தார்கள். அந்தப் பெண்கள் அச்சைத் தேர்ந்தால் நாடு முழுவதும் அச்சு. டிஜிட்டலைத் தேர்ந்தால் நாடு முழுவதும் டிஜிட்டல். மூன்றாவது சுற்றுநிருபத்தின் கடைசிப் பந்தி இப்படி இருந்தது: 'இறுதித் தீர்மானம் எட்டப்படும் வரை, வட்டி வீதம் உள்ளிட்ட எண்களை அலுவலர்கள் வாயால் கூறுவது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டும். வாய் அங்கீகரிக்கப்பட்ட ஊடகம் அல்ல.'

றோசலின் அந்தப் பந்தியை இன்னொரு முறை படித்தாள். காரணம் இருந்தது.

அந்தச் சங்கத்தை நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் கதிரையும் அண்டாவும் வாடகைக்கு விட்டு, அந்தப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பசுங்குன்றில் நிலையான வைப்பாகக் கிடந்தது. மாதாமாதம் விழும் வட்டியில்தான் ஒரு த்ரீவீல்காரனுக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். பிரசவ வலியோ நெஞ்சு வலியோ, யாருக்கு எந்த நேரம் வந்தாலும் அவன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் பேச்சு. இப்போது தவணை முடிந்து வைப்பைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். புதிய வட்டி வீதம் கிளைக்கு வந்துவிட்டது. பதினான்காக இருந்தது எட்டாகியிருந்தது. பொகவந்தலாவைக் கடைவீதியிலேயே ஒரு சின்னக் கூட்டுறவு வங்கி பத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"சேர், இத அவங்ககிட்டச் சொல்லணுமே."

"சொல்லத்தான் வேணும். எதிலை?"

"வாயாலதான்."

றமணன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வாய் அங்கீகரிக்கப்பட்ட ஊடகம் இல்லை. கடைசிப் பந்தியைப் பாரும்."

"அப்ப டெப்ல காட்டவா?"

"நம்பிக்கைப் பிரிவு கோவிக்கும்."

"அச்சுல?"

"டக்ளஸ் கோவிப்பார்."

"அப்ப அவங்களுக்கு எப்பதான் சேர் தெரியும்?"

"முதல் மாத வட்டி விழேக்கை தெரியும். அதுதான் இயல்பான முறை." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "இஞ்சை பாரும் றோசலின். இந்தச் சங்கம் புதுப்பிச்சால் உம்மடை நியமனக் கடிதத்திலை கையெழுத்து விழும். எனக்குக் கொழும்பிலை சொல்லிப்போட்டினம். புதுப்பிக்காட்டில் நீர் பதில்தான். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டார். உத்தியோகத்தில் நல்ல மனிதர்கள் கொடுக்கிற புத்திமதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

சந்திப்பு நாளில் கொழும்பிலிருந்து இரண்டு வாகனங்கள் வந்தன. டக்ளஸும் கிருஷாந்தியும் ஒரே வாகனத்தில் வருவதில்லை. டக்ளஸ் கோட்டும் அதற்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்தும் போட்டிருந்தார். முன்னேறியவர்கள் இப்போது அப்படித்தான் போடுகிறார்களாம். கையில் கட்டியிருந்த மணிக்கூடு அவர் மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டிருந்தது. கிருஷாந்தி கைத்தறிச் சேலையில், யானைச் சாணத்தில் செய்த காகிதத்தாலான குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். அதற்கு விலை என்னவென்று றோசலின் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு நெடுநேரம் யானையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து முன்பள்ளிக் கட்டடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். கொழுந்து நன்றாக இருக்கிற நாள். பாதிச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, அரை நாள் வேலைக்கான அரைப் பேரோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். சங்கத் தலைவி நாகலெட்சுமி அந்தத் தோட்டத்தின் முதல் பெண் கங்காணி. மேல் மலையில் நின்று பேசினால் கீழ் மலையில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும், அப்படி ஒரு குரல். செயலாளர் ஷாமிலா உயர்தர வகுப்பு வரை படித்த பெண், கையில் போன் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க. றோசலினு, ஆபீஸே கெளம்பி வந்துருச்சு போல?" என்றாள் நாகலெட்சுமி. "நம்ம காசு பத்திரமா இருக்குல்ல?"

"இருக்குக்கா. ஆனா வட்டி வந்து..."

டக்ளஸ் தொண்டையைக் கனைத்தார். "றோசலின், ஊடகம்!"

றோசலின் வாயை மூடிக்கொண்டாள். டக்ளஸ் டெப்பைத் திறந்தார். சிக்னல் இல்லை. தூக்கிப் பிடித்தார், இல்லை. ஜன்னல் திட்டின் மேல் ஏறி நின்றார், இல்லை. மாதர் சங்கம் அவர் செய்வதையெல்லாம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இதுதான் அறிக்கை போலிருக்கிறது என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள்.

"சிக்னலுன்னா கொழுந்து மடுவத்துக்கிட்டதான் வரும் சேர். முடக்குல" என்றாள் ஷாமிலா.

ஆகவே சந்திப்பு எழுந்து நடந்தது. தூறலில் குடையும் சாக்குமாகப் பெண்கள், நடுவில் டெப்பைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு டக்ளஸ், ஓரத்தில் யானைச் சாணப் புத்தகம் நனையாமல் கிருஷாந்தி. கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்குப் பக்கத்தில், பாதை திரும்பும் முடக்கில் நின்றதும் ஒரு கோடு சிக்னல் வந்தது. திரையில் சூரியன் உதித்தது. ஒரு கணீர்க் குரல், 'நாளையை நோக்கி வாருங்கள்' என்று அழைத்தது. அப்புறம் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் சேர் ஓடும்? புள்ள ஸ்கூல் விட்டு வந்துரும்" என்று ஒருத்தி கேட்டாள்.

"லோட் ஆகுதும்மா. டிஜிட்டல்னா சும்மா இல்ல. ஒரு தப்பும் வராது, ஒருத்தரும் ஏமாத்த முடியாது."

அவர் இதைச் சொன்ன இடம் சரியில்லை. பக்கத்து மடுவத்தில் தோட்டத்துப் புதிய தராசு தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தா தொங்குதே, இதுவும் டிஜிட்டலுதான் சேர்" என்றாள் நாகலெட்சுமி. "முள்ளுத் தராசு இருந்தப்ப இருவது கிலோ எடுத்தா இருவது காட்டும். இது வந்ததுக்கப்புறம் அதே கூடை, அதே கொழுந்து, பதினேழுங்குது. கேட்டா, தப்பே வராத மெசினுங்கிறாங்க. தப்பு வராதுதான். ஒருநாள் கூட எங்க பக்கம் தப்பா காட்டுனதில்ல."

பெண்கள் சிரித்தார்கள். கிருஷாந்தி எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். கூட்டம் முன்பள்ளிக்குத் திரும்பியதும் பெட்டியைப் பிரித்து அச்சு அறிக்கைகளை அவரே தன் கையால் பகிர்ந்தார்.

அறிக்கை அழகாகத்தான் இருந்தது. தடித்த காகிதம், தங்க நிற எழுத்து, கண்ணாடி மாதிரி அட்டை. அட்டையில் நரைத்த வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் கடற்கரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு சிரித்தார்கள். தேயிலை மலைக்குக் கொண்டுவர அதைவிடப் பொருத்தமான படம் தலைமையகத்தில் இருக்கவில்லை.

"தொட்டுப் பாருங்கோ அம்மா. விரலிலை என்ன தெரியுது?" என்று கிருஷாந்தி கேட்டார்.

எல்லோரும் தொட்டார்கள். கொழுந்துக் கறை அட்டையில் கறுப்பாகப் படிந்தது.

"இந்த வெள்ளக்காரம்மா நம்ம சங்கத்துல எப்ப சேந்தாங்க?"

"நம்ம காசுலதான் காப்பி குடிக்கிறாங்களோ என்னமோ."

உள்ளே ஒரு முழுப் பக்கத்துக்கு ஒரு வரைபடம் இருந்தது. பச்சைக் கோடு ஒன்று கீழ்மூலையில் பிறந்து மேல்மூலைக்கு ஏறியது. அது பசுங்குன்று நிறுவனத்தின் லாபம். சங்கத்தின் வட்டி வேறொரு பக்கத்தில், 'நடைமுறையிலுள்ள வீதத்தின்படி' என்று பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கிறவர்கள் அந்த அறையில் றோசலின் ஒருத்திதான்.

"அக்கா, அந்தக் கோடு உங்க வட்டி இல்ல. உங்க வட்டி..."

"றோசலின்" என்றார் கிருஷாந்தி மெதுவாக. "எண் வேண்டாம்."

இதற்குள் இன்னொரு குரல் கிளம்பியது. "அச்சுல வந்துட்டா மட்டும் சரியாப் போச்சா? சம்பளச் சீட்டும் அச்சுலதான் வருது. அதுல அச்சா இருக்கிறது பூராப் புடிக்கிற கழிவுதானே." அந்தத் தோட்டத்துக்கு மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பகுதி. இதைச் சொன்னவள் கீழ் டிவிசன்காரி. சொன்னது நியாயமா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. கீழ் டிவிசன் அச்சுக்கு எதிர் என்று தெரிந்ததுமே மேல் டிவிசன் அச்சுக்கு ஆதரவாகிவிட்டது. போன வருடத் திருவிழாவில் கரகம் எந்த டிவிசன் வழியாக முதலில் போவது என்று ஆரம்பித்த சண்டை இன்னும் ஆறவில்லை. அது இப்போது அறிக்கைக்குள் புகுந்துகொண்டது. கோயில் கணக்கு, தண்ணீர்க் குழாய், யாரோ ஓடிப்போனது எல்லாம் வெளியே வந்தன. டக்ளஸ் கீழ் டிவிசன் பக்கமும் கிருஷாந்தி மேல் டிவிசன் பக்கமும் உட்கார்ந்து, வாடிக்கையாளரின் ஆழ்ந்த ஈடுபாடு என்று தங்கள் தங்கள் கருவியில் குறித்துக்கொண்டார்கள். றமணன் மூலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

றோசலின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வட்டி எவ்வளவு என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. தன் அம்மாவை நெஞ்சு வலியோடு தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போது அவளுடைய தோட்டத்தில் த்ரீவீலும் இல்லை, சங்கமும் இல்லை. வீட்டுக் கடனும் ஞாபகம் வந்தது. வாளியும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்ததால் எழுந்து நின்றாள்.

"அக்கா எல்லாரும் கேளுங்க. உங்க வட்டி கொறைஞ்சு போச்சு. பதினாலா இருந்தது எட்டாயிருச்சு. மாசாமாசம் வர்ற காசுல கிட்டத்தட்டப் பாதிதான் இனிமே வரும். த்ரீவீலுக்குப் பத்தாது. கடவீதியில கூட்டுறவு பேங்க்ல பத்து குடுக்குறாங்க. அங்க கொண்டுபோய்ப் போடுங்க."

டக்ளஸின் மணிக்கூடு, இதயத் துடிப்பு கூடிவிட்டதாக எச்சரித்துக் கூவியது. கிருஷாந்தியின் பேனை நின்றது. றமணன் கோப்பையை வாயிலிருந்து எடுக்கவில்லை, குடிக்கவும் இல்லை. றோசலினுக்கு வருடக்கணக்காகச் சுமந்த எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவள் நாகலெட்சுமியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாகலெட்சுமி நிதானமாகக் கேட்டாள். "இது எதுல போட்டுருக்கு?"

"எதுலயும் போடலக்கா. நான் சொல்றேன்."

"வாயாலயா?"

"ஆமாக்கா. வாயாலதான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாளில் முதன்முறையாக மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் ஒரே மாதிரித் தலையை ஆட்டின.

"இந்தா பாரு றோசலினு. நீ நல்ல புள்ள. ஆனா வாயால சொல்றத நம்பி நாங்க ஏமாந்தது போதும். சம்பளத்தக் கூட்டிப்புட்டோம்னு ஒவ்வொரு எலக்சனுக்கும் வாயாலதான் சொன்னாங்க. தனித்தனியா வீடு கட்டித் தர்றோம்னு வாயாலதான் சொன்னாங்க. காணிக்கு உறுதிப் பத்திரம் நாளைக்கே வருதுன்னு மைக்கு வச்சு சொன்னாங்க. இவ்வளவு பெரிய புத்தகத்துல கோடு மேல போவுது. அந்த சேரு பொட்டியில சூரியன் உதிக்குது. நீ ஒருத்தி மட்டும் கீழ போவுதுங்கிற. நாங்க எத நம்புறது?"

"எழுதிக் குடுங்க மிஸ்" என்றாள் ஷாமிலா. அவள் படித்த பெண், வழி காட்டினாள்.

றோசலின் பையைத் துழாவி, காகிதம் பயன்படுத்தப்படவில்லை என்ற படிவம் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பெரிதாக எட்டு என்று எழுதிக் கொடுத்தாள். ஷாமிலா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"இது அச்சும் இல்ல, டிஜிட்டலும் இல்ல மிஸ். கையால எழுதியிருக்கீங்க. சீல் கூட இல்ல."

அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. சங்கம் ஏகமனதாக வைப்பைப் புதுப்பித்தது. நாகலெட்சுமி ஒரு முறை திரையில் விரலாலும் ஒரு முறை காகிதத்தில் பேனையாலும் கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் வெள்ளைக்காரத் தம்பதியோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், அதாவது அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு. அச்சா டிஜிட்டலா என்ற கேள்விக்கு மேல் டிவிசனுக்கு அச்சு, கீழ் டிவிசனுக்கு டிஜிட்டல் என்று பதில் வந்தது. இதை டக்ளஸ் தன் வெற்றியாகவும் கிருஷாந்தி தன் வெற்றியாகவும் கொழும்புக்கு அறிவித்தார்கள். இரண்டு பிரிவுக்கும் புதிய ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள்.

றோசலின் மேல் மட்டும் விசாரணை வந்தது. அங்கீகரிக்கப்படாத ஊடகத்தின் மூலம் எண்களை வெளியிட்டமை. குற்றம் நிரூபணமானால் நியமனம் இல்லை, பதில் பதவியும் போய்விடும். அவளைக் காப்பாற்றியவர் றமணன். விசாரணைக் குழு கொழும்பிலிருந்து திரையில் தோன்றியபோது, அவர் கோட்டுப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு வாதத்தை வைத்தார்.

"தகவல் எண்டால் என்ன? ஒருத்தர் சொல்ல, மற்றவர் ஏற்றுக்கொள்ளுறது. இஞ்சை இவ சொன்னா, ஓம். ஒருத்தரும் ஏற்றுக்கொள்ளேல்லை. எல்லாரும் கையெழுத்துப் போட்டவை. ஆனபடியால் தகவல் எதுவும் வெளியாகேல்லை. வெளியாகாத தகவலுக்கு எப்பிடி விசாரணை வைக்கிறது?"

குழு நெடுநேரம் யோசித்தது. ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அதோடு நிற்கவில்லை. உண்மையைச் சொல்லியும் வாடிக்கையாளரை இழக்காத அலுவலர் நிறுவன வரலாற்றிலேயே இவர்தான் என்று ஒரு அங்கத்தவர் கவனித்துச் சொன்னார். அடுத்த மாதமே நிரந்தர நியமனம் வந்தது. கூடவே பாராட்டுப் பத்திரமும் வந்தது. நம்பகத்தன்மையைப் பேணியமைக்காக என்று அதில் போட்டிருந்தது. றோசலினுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக் கடன் விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பிவிட்டாள்.

அதே வாரத்தில் நாகலெட்சுமியும் ஷாமிலாவும் இரண்டு டிவிசனிலிருந்தும் நாலைந்து பெண்களும் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்தார்கள். முதல் மாத வட்டி விழுந்திருந்தது. த்ரீவீல்காரன் பாதிக் கூலிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முந்தின நாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை நாலு பேர் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கியிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அதிர்ஷ்டம்.

நாகலெட்சுமி கதிரையில் உட்காரவில்லை. "ஏன் புள்ள, நீயும் லயத்துல பொறந்தவதானே. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனேக்கா. எழுந்து நின்னு சொன்னேன்."

"சொன்ன, சொன்ன. வாயால சொன்ன. அதெல்லாம் சொன்னதாகுமா?"

நாகலெட்சுமி மேசையில் கையை ஊன்றிக் கேட்டாள். "சரி, நடந்தது நடந்துருச்சு. இப்பவே அந்தக் காச எடுத்து அந்தக் கூட்டுறவு பேங்க்ல போடலாமா, முடியாதா? எவ்வளவு புடிப்பாங்க? அத மட்டும் சொல்லு."

அதற்கும் பதில் றோசலினுக்குத் தெரியும். எடுக்கலாம். கொஞ்சம் பிடிப்பார்கள். பிடித்தாலும் அங்கே போடுவதுதான் லாபம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் புதிய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாய்வதற்கு அனுமதி உள்ள நாற்காலி.

"பதில் அச்சுல வேணுங்களாக்கா, டெப்ல வேணுங்களா?" என்று கேட்டாள்.

நாகலெட்சுமி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். அச்சுதான் என்றாள் மேல் டிவிசன்காரி ஒருத்தி. அதென்ன எப்பவும் ஒங்க இஷ்டமா என்று கீழ் டிவிசன் கிளம்பியது. சத்தம் எதிர்ப்பக்கத்து ரொட்டிக் கடை வரைக்கும் கேட்டது. றமணன் அவர்களை வெளி வாங்குப் பலகையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி சொல்லிவிட்டார். பொகவந்தலாவைக்குக் கடைசி பஸ் போகும் வரை அவர்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. றோசலின் அடுத்த வாடிக்கையாளரை உள்ளே வரச் சொன்னாள்.